சிவப்புச் சுருக்கு

நம்ம வயசுப் பொம்பளைங்க நாலு பேர் ஒண்ணா உக்காந்தா ஒரு பேச்சு எப்படியும் வந்துரும். யார் எத்தனை வயசுல பெரிய மனுஷி ஆனோம், எந்த மாமன் ஓலை வெட்டிட்டு வந்தாரு, சீருக்கு என்ன கலர்ல பொடவை எடுத்தாங்க. கேலியும் சிரிப்புமா அது ஒரு சுத்து வரும். என் முறை வர்றதுக்குள்ள நான் தண்ணி குடிக்க எந்திரிச்சுப் போயிருவேன். நீங்களும் "அவ கூச்சக்காரி, விடுங்க"ன்னு விட்டுருவீங்க. கூச்சம் இருக்குதுங்க, இல்லீன்னு சொல்லலை. ஆனா அதுக்காக மட்டும் நான் எந்திரிக்கறதில்லை. வாயில வராததை எழுதியாவது வெச்சரலாம்னு இப்பத்தான் தோணுச்சு. நான் ஏன் அஞ்சாவதோட நின்னேன்னு அப்பப்ப கேப்பீங்களே, அதுக்கும் பதில் இதுக்குள்ளயே இருக்குது.

எண்பதுகள்ல நாங்க, பனியன் கம்பெனிங்க நெறைஞ்ச எங்க ஊரு ராயபுரத்துல, ஒரு லைன் வீட்டுல இருந்தோம். எட்டுக் கதவு, ஒரே வாசல், ஒரு தண்ணித் தொட்டி. எங்களுது கடைசிக் கதவு. நான் ஒத்தப் புள்ள. அம்மா பனியன் கம்பெனியில செக்கிங் வேலை பாத்துச்சு. காலையில போனா விளக்கு வெக்கற நேரத்துக்குத்தான் வரும். வர்றப்ப தலை பூராவும் பஞ்சு ஒட்டி, முப்பது வயசுலயே நரைச்ச மாதிரி இருக்கும். வாசப்படியில உக்காந்து தலையைக் குனிஞ்சுக்கும். நான் பின்னாடி நின்னு ஒவ்வொரு பஞ்சா எடுப்பேன்.

"ஆச்சா?"

"இன்னும் இருக்குதுங்ம்மா."

"செரி, எடு."

ஒரு நாளைக்கு எங்க ரெண்டு பேருக்கும் பேச்சுன்னா அவ்வளவுதான். அதுக்கே நான் பஞ்சை மெதுவா எடுப்பேன்.

அப்பாவுக்கு சாயப்பட்டறையில வேலை. கலர் பனியன் ஊருக்குள்ள வந்த புதுசு அது. அன்னிக்கு என்ன கலர் ஓடுச்சோ, அப்பாவோட ரெண்டு கையும் முழங்கை வரைக்கும் அந்தக் கலர்ல இருக்கும். சோப்பு போட்டாலும் நகக்கண்ணுல இருந்து போகாது. சோத்தைப் பிசையறப்ப நீலக் கையில வெள்ளைச் சோறு, எனக்குப் பாக்கறதுக்கு வேடிக்கையா இருக்கும். அவருக்கு ஒரு பழக்கம். எந்தத் துணியைக் கண்டாலும் விரலை நாக்குல தொட்டு, ஓரத்துல ஒரு தேய் தேய்ச்சு, சாயம் விடுதான்னு பாப்பாரு. "நிக்கும்", இல்லைன்னா "நிக்காது". ஒரு தடவை கல்யாண வீட்டுல, பந்தியில பக்கத்துல உக்காந்திருந்தவரோட துண்டையே தேய்ச்சுட்டாரு. அம்மாவுக்கு முகம் செத்துப் போச்சு.

"ஊரான் துண்டை நக்கிப் பாக்கறீங்களே, வெக்கமா இல்லீங்களா?"

"அந்த மஞ்சள் நிக்காது புள்ள. பாவம், அவுருகிட்டச் சொல்லோணுமில்ல?"

எங்க லைனுக்குப் பின்னாடி சந்துல ஒரு ஒத்தை ரூம் இருந்துச்சு. அதுல ஒரு அக்கா இருந்தாங்க. திருநெல்வேலிப் பக்கம். புருசன் கேரளாவுக்கு வேலைக்குப் போனவரு, போனவரு போனவருதான். கம்பெனியில வெட்டி மிச்சமாகற வேஸ்ட் துணியை மூட்டையா வாங்கிட்டு வந்து, தலைமுடிக்குப் போடற வளையம் செய்வாங்க. இப்பக் கடை கடையாத் தொங்குது. அப்ப அதுக்குப் பேரே கிடையாது. எல்லாரும் ரிப்பன்தான் கட்டுவோம். அக்கா தானா ஒரு பேர் வெச்சாங்க, சுருக்குன்னு. அவங்களையும் சுருக்கு அக்கான்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க.

பனியன் துணியைக் குறுக்க நாடா மாதிரி வெட்டி ரெண்டு கையால ஒரு இழுப்பு இழுத்தா, ஓரம் தானா சுருண்டு கயிறாயிரும். நூல் பிரியாது. அது சாதாச் சுருக்கு. நல்ல சுருக்குன்னா நாலு விரல் அகலத்துக்குத் துணியை மடிச்சு நீளக் குழாயாத் தைக்கோணும். அப்புறம் உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பி, எலாஸ்டிக் கோத்து, முடிச்சுப் போடோணும். குழாயைத் திருப்பறது நான். நுனியில ஊக்கைக் குத்தி உள்ளயே தள்ளித் தள்ளி விட்டா, அது எங்கயோ இருட்டுல போற மாதிரிப் போயி அந்தப் பக்கம் தலை காட்டும். அப்படியே இழுத்தா மொத்தக் குழாயும் பளபளன்னு திரும்பி வந்துரும். எத்தனை தடவை செஞ்சாலும் எனக்கு அலுக்காது.

வேலைன்னு நான் அங்க போகலை. பள்ளிக்கூடம் விட்டு வந்தா எங்க வீட்டுல பூட்டுத்தான் இருக்கும். அங்க ஒரு ஆளு இருந்தாங்க. அதுக்காகப் போனேன்.

சாயங்காலம் அக்கா ஒரு நீளக் கம்புல சுருக்கெல்லாம் மாட்டி, தோள்ல சாச்சுக்கிட்டு கம்பெனி கேட்டுல போயி நிப்பாங்க. வேலை விட்டு வர்ற பொண்ணுங்க சுத்திக்குவாங்க. அம்மாவுக்காகக் காத்து நிக்கறப்ப நான் பாத்திருக்கறேன்.

"ஏனுங்க்கா, இது ஜட்டி வெட்டுன மிச்சந்தானுங்களே?"

"ஆமாட்டி. கீழ போக வேண்டியது தலைக்கு வந்துட்டு பாத்தியா? அதுக்கு நல்ல காலம். நீயும் வாங்கி மாட்டு, உனக்கும் வரும்."

கேட்டே அதிர்ற மாதிரி சிரிப்பாங்க. என் அம்மா மட்டும் அந்தப் பக்கம் திரும்பாம என் கையைப் புடிச்சு இழுத்துட்டு நடக்கும். ஆம்பளை இல்லாம ஒத்தையில இருந்துக்கிட்டு, நடுரோட்டுல நின்னு சிரிக்கறவ. அம்மா கணக்குல அது ஆகாது. நான் அங்க போறேன்னு அத்தை ஒரு நாள் சொல்லிருச்சு. அத்தைன்னா அப்பாவோட அக்கா. முன் வீட்டுல இருந்துச்சு, லைன் வீட்டுக்காரருக்கு வேண்டிய ஆளு. சந்து ரூமும் அவருதுதான்.

"இன்னொருக்கா அந்தப் படி ஏறுனே, காலை முறிச்சு அடுப்புல வெச்சுருவேன்"னு அம்மா சொல்லுச்சு.

நான் போறதை நிறுத்தலை. ஆனா அக்காவும் பயந்துக்கிட்டாங்க. "உங்க அத்தை வாயில நான் விழுந்தேன்னா இந்த ரூமும் போயிரும்ட்டி. நீ இங்கன வாறது ஒரு ஈ காக்காக்குத் தெரியப்படாது, என்ன?" நான் தலையை ஆட்டினேன். அப்ப எனக்குப் பத்து முடிஞ்சு பதினொண்ணு நடந்துச்சு. அந்த வயசுல ஒரு பெரிய மனுஷி நம்மகிட்ட ரகசியம் கேட்டா அது எவ்வளவு பெருசு, உங்களுக்கே தெரியும்.

அந்தப் பங்குனியில அஞ்சாவது முழுப் பரீட்சை முடிஞ்சுது. எங்க டீச்சர் என் பேரைப் பொண்ணுங்க படிக்கற பெரிய பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் குடுத்திருந்தாங்க. அங்க நூலகம்னு ஒரு ரூம் பூராவும் புஸ்தகம் இருக்குமாம். யார்கிட்டயும் பேச வேண்டியதில்லை, உக்காந்து படிக்கலாமாம். அதைக் கேட்டதுல இருந்து எனக்கு வேற நினைப்பே இல்லை. அக்காகிட்டச் சொன்னேன். அக்கா புதுசா வந்த மூட்டையைக் கிளறி, அரளிப்பூ மாதிரி ஒரு சிவப்புத் துணியை எடுத்தாங்க. நான் பாத்துக்கிட்டு இருக்கறப்பவே வெட்டி, தைச்சு, என்னையே திருப்பச் சொல்லி, எலாஸ்டிக் கோத்துக் கையில குடுத்தாங்க.

"பெரிய பள்ளிக்கொடத்துக்குப் போற பிள்ளைக்கு."

அதைத் தலையில போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போக முடியாது. பாவாடையோட பின்பக்கம், இடுப்புல சட்டைக்கு உள்ள சொருகிக்கிட்டேன். சித்திரை பூராவும் அது அங்கதான் இருந்துச்சு. குளிக்கறப்ப எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னாடி வெப்பேன், மறுபடி சொருகிக்குவேன். நனையாம இருந்த வரைக்கும் அது ஒண்ணும் பண்ணலை.

அன்னிக்குத் தெருக்குழாயில நாலு நாள் கழிச்சுத் தண்ணி வந்துச்சு. அத்தை என்னையும் கூட்டிட்டுப் போச்சு. தலையில ஒரு குடம், இடுப்புல ஒரு குடம். தலைக்குடம் தளும்பித் தண்ணி கழுத்து வழியா முதுகுல இறங்குச்சு. வெயிலுக்குச் சுகமாத்தான் இருந்துச்சு. என் பாவாடை இளமஞ்சள்.

"ஏ, நில்லு! அப்படியே நில்லு!"

பின்னாடி இருந்து அத்தை கத்துச்சு. சுருக்கைப் பாத்துருச்சுன்னுதான் நான் நினைச்சேன். இடுப்புக் குடத்தைக் கீழ வெச்சுட்டுப் பின்பக்கம் கையை விட்டு, சுருக்கை உருவி உள்ளங்கையில வெச்சு மூடிக்கிட்டேன். அது சொதசொதன்னு இருந்துச்சு. அக்காவோட ரூம் போச்சுன்னு நினைச்சேன். ஆனா அத்தை முன்னாடி வந்தப்ப முகத்துல கோபம் இல்லை. கண்ணுல தண்ணி, வாயில சிரிப்பு. என் தலைக்குடத்தைத் தானே இறக்கி வெச்சுட்டு, என் கன்னத்தை வழிச்சு நெட்டி முறிச்சுச்சு.

"கண்ணு, பெரிய மனுஷி ஆயிட்டியே சாமி!"

வீதியில இருந்த பொம்பளைங்க எல்லாம் கூடிட்டாங்க. யாரோ குலவை போட்டாங்க. எனக்கு ஒண்ணும் விளங்கலை. அடி விழலைங்கறது மட்டும் விளங்குச்சு. அத்தை என்னைத் தொட்டிக்குப் பக்கத்துல மறைவாக் கூட்டிட்டுப் போயி, வேற துணி குடுத்து, அந்தப் பாவாடையை யார் கண்ணுலயும் படாம சுருட்டிக் கொண்டு போயிருச்சு. அப்புறம் அதை நான் பாக்கவே இல்லை. சுருக்கு என் கையிலயே இருந்துச்சு. மூடின கையைத் திறன்னு யாரும் சொல்லலை.

பெருமாநல்லூர்ல இருந்து மாமன் பச்சைத் தென்னை ஓலை கொண்டு வந்து, வாசல் மூலையில ஒரு ஆள் படுக்கற அளவுக்குக் குச்சு கட்டுனாரு. ஒம்போது நாள். தனித் தட்டு, தனி டம்ளர், தலைமாட்டுல ஒரு இரும்புத் துண்டு. அதுவரைக்கும் என்கூடப் பாண்டி விளையாடின புள்ளைங்க, ஓலைக்கு அந்தப் பக்கம் பத்தடி தள்ளி நின்னு என்னைப் பாத்துட்டுப் போவாங்க. அம்மா லீவு போடலை. போட்டா வேலை போயிரும். அத்தைதான் சோறு வெக்கும்.

"இன்னும் இருக்குதா கண்ணு?"

எதைக் கேக்குதுன்னு தெரியாம, "இல்லீங்கத்தே"ன்னேன்.

"மொத தடவை அப்படித்தான் இருக்கும். போகப் போகச் செரியாப் போயிரும்."

ரெண்டாம் நாள், தொட்டியில துணி துவைக்கறவங்க பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கு மெல்லப் புரிஞ்சுது. பாவாடையில இறங்கின சுருக்குச் சாயத்தை இவங்க எதுன்னு நினைச்சுட்டாங்கன்னு தெரிஞ்சதும் முதல்ல சிரிப்புத்தான் வந்துச்சு. சத்தியமாங்க. ஓலையைக் கடிச்சுக்கிட்டு சிரிச்சேன். சொல்லிட்டாப் போச்சு, வெளிய விட்டுருவாங்க. அப்புறம்தான், "இனிப் பள்ளிக்கோடம் ஏது? ஊட்டுல இருந்து சோறாக்கப் பழகட்டும்"னு அத்தை யார்கிட்டயோ சொல்றது காதுல விழுந்துச்சு.

அதுக்கப்புறம் சிரிப்பு வரலை. சாயம்னு சொன்னா எந்தச் சாயம்னு கேப்பாங்க. சுருக்குன்னா யார் குடுத்ததுன்னு கேப்பாங்க. அக்காவோட பெட்டியும் மெஷினும் சந்துல கிடக்கற மாதிரி கண்ணுல வந்துச்சு. சொல்லாட்டி அந்தப் புஸ்தக ரூம் போயிரும். உள்ள உக்காந்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் யோசிச்சு யோசிச்சு, ஓலை பச்சையில இருந்து பழுப்பானதுதான் மிச்சம். காத்து அடிச்சா முதல் நாள் சத்தமே இல்லாம இருந்த ஓலை, அஞ்சாம் நாள் சரசரன்னு யாரோ வர்ற மாதிரியே சத்தம் போடும். யாரும் வந்திருக்க மாட்டாங்க.

அப்பா மட்டும் அந்த ஒம்போது நாளும் என் பக்கம் பாக்கக் கூடாது. எங்க பக்கத்து முறை அது. வாசல்ல வர்றப்ப துண்டை எடுத்து முகத்துக்கு ஒரு பக்கமா இழுத்து விட்டுக்கிட்டு, செவத்தைப் பாத்துட்டே போவாரு. ஊரான் துண்டைத் தேய்ச்சு நிக்கும் நிக்காதுன்னு சொல்ற மனுஷன் அவரு. அந்தப் பாவாடையை ஒரே ஒரு தடவை அவர் பாத்திருந்தாப் போதும். அதை அவருக்கு மட்டும் யாரும் காட்ட மாட்டாங்க.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் அம்மாவும் அத்தையும் சீருக்குச் சாமான் வாங்கப் போயிட்டாங்க. காவலுக்கு அப்பாதான். ஓலைக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உக்காந்தாரு. கீத்து இடுக்குல அவரோட சட்டை தெரிஞ்சுது.

"சாப்டியா கண்ணு?"

"சாப்டனுங்ப்பா."

"வெக்கையா இருக்குதா?"

"இல்லீங்ப்பா."

நான் பாய்க்கு அடியில இருந்து சுருக்கை எடுத்தேன். டம்ளர்ல இருந்த தண்ணியில முக்கினேன். ஓலைக்கு அடியில கையை விட்டு வெளிய தள்ளினேன்.

ரொம்ப நேரம் ஒண்ணும் நடக்கலை. அப்புறம் அப்பாவோட கை, அன்னிக்கு ஊதா, அதை எடுத்துச்சு. தரையில ஒரு சிவப்புத் திட்டு இருந்துச்சு. அதை அவர் பெருவிரலால தேய்ச்சுப் பாத்தாரு.

"இது நிக்காது கண்ணு. சாயம் போட்டுட்டு சோப்புத் தண்ணியே காட்டாத துணி."

"உம்."

"இது எங்க இருந்துச்சு?"

"இடுப்புலீங்ப்பா. தண்ணி கொண்டாறப்ப."

யார் குடுத்ததுன்னு அவர் கேக்கலை. இன்னிக்கு வரைக்கும் நான் அதுக்காக அவருக்கு நன்றி சொல்லிக்கறேன். சுருக்கை எடுத்து மடியில போட்டுக்கிட்டாரு. "செரி, நான் பாத்துக்கறேன்"னாரு. அந்த ஒரு சொல்லுக்கு எனக்கு ஓலைக்குள்ள வெளிச்சமே வந்த மாதிரி இருந்துச்சு. நாளைக்கே பிரிச்சுருவாங்கன்னு தட்டு, டம்ளர், பாய் எல்லாம் எடுத்து ஓரமா அடுக்கி வெச்சேன்.

சாயங்காலம் அம்மா வந்ததும் வீட்டுக்குள்ள பேச்சு நடந்துச்சு. கடைசிக் கதவு, என் குச்சுக்கு எதிர்க்கவே இருக்குது.

"அது சாயம் புள்ள."

"மெல்லப் பேசுங்க."

"நீ அந்தப் பாவாடையைப் பாத்தியா?"

"உங்கக்கா பாத்தாங்க. அவிய சொன்னதை நான் தேய்ச்சா பாக்க முடியும்?"

"அப்ப நிறுத்திப் போடலாம்."

"எதைங்க நிறுத்தறது? எங்கண்ணன் பெருமாநல்லூர்ல ஊடு ஊடாச் சொல்லிட்டு வந்தாச்சு. இப்பப் போயி சாயம்னு சொன்னா எவ நம்புவா? என்னமோ நடந்துருக்குது, மூடறாங்கன்னு பேசுவாங்க. அந்தப் பேரு அவ தலையிலதானுங்க விழும்."



"அப்பப் பள்ளிக்கோடம்?"

"பெரிய மனுஷி ஆன புள்ளைய மெயின் ரோடு தாண்டி எப்படீங்க அனுப்பறது?"

"அவதான் ஆகவே இல்லையே புள்ள."

"ஆயாச்சுங்க"ன்னு அம்மா சொல்லுச்சு.

அடுத்த நாள் அப்பா துண்டை இழுத்து விட்டுக்கிட்டு செவத்தைப் பாத்துட்டே போனாரு. முன்னெல்லாம் முறைக்காகப் பாக்காம போனாரு. அன்னிக்குப் போனது அதுக்காக இல்லைன்னு எனக்குத் தெரிஞ்சுது. அடுக்கி வெச்ச பாயை எடுத்து மறுபடி விரிச்சேன்.

சீர் வந்தது கல்யாண மாசத்துல, ஊர்ல மல்லிகைப்பூ கிடைக்கலை. ஜடை வெறுமையா இருக்கக் கூடாதுன்னு அம்மா என்ன செஞ்சுது தெரியுங்களா? தானே சந்துக்குப் போயி, சுருக்கு அக்காவைக் கூட்டிட்டு வந்துச்சு. "தலை வேலை அவளுக்குத்தான் வரும்"னு அத்தையே சொல்லுச்சு. எந்தப் படியை நான் ஏறக் கூடாதோ, அந்தப் படியை அம்மா அஞ்சு நிமிஷத்துல ஏறி இறங்கிட்டு வந்துருச்சு. எனக்கு அது எப்படி இருந்துச்சுன்னு சொல்லத் தெரியலை.

அக்கா வெள்ளைப் பனியன் துணியைச் சின்னச் சின்னதா வெட்டி, சுருட்டி, மொட்டு மாதிரி தைச்சுக் கொண்டு வந்திருந்தாங்க. ஒரு ஜடை பூராவும் மொட்டு. பாக்கறவங்க கையால தொட்டுத்தான் துணின்னு நம்புனாங்க. என்னை மனையில உக்கார வெச்சு, பின்னாடி நின்னு பின்னினாங்க. ரேடியோ செட்டு அலறிட்டு இருந்துச்சு. நான் தலையைத் திருப்பாம சொன்னேன்.

"அக்கா, அது சுருக்குலதானுங்க. செவப்பு நிக்கலைங்க."

பின்னிட்டு இருந்த கை நின்னு போச்சு. மூணு கால் முடியும் அவங்க விரல்ல அப்படியே இருந்துச்சு.

"ஆருகிட்டயாவது சொன்னியா?"

"உங்க பேரைச் சொல்லலீங்."

"சொல்லாதட்டி. என் ராசாத்தில்லா." குரல் காத்து மாதிரி வந்துச்சு. அப்புறம் முன்னைவிட வேகமா, தலைத்தோல் வலிக்கற மாதிரி இறுக்கிப் பின்னி முடிச்சாங்க. போட்டோவுல என் புருவம் ரெண்டும் மேல தூக்கிட்டு இருக்கும். அதிசயத்தைப் பாத்த மாதிரி இருக்குதுன்னு என் மருமக சொல்லுவா. ஜடை இறுக்கம் அது. ஆடி பொறக்கறதுக்குள்ள அக்கா ரூமைக் காலி பண்ணிட்டாங்க. யாரும் காலி பண்ணச் சொல்லலை. எங்க போனாங்கன்னு என்கிட்டச் சொல்லலை.

அதுக்கு முன்னாடி, ஆனியில பள்ளிக்கூடம் திறந்துச்சு. ஒரு வாரம் பாத்துட்டு எங்க டீச்சர் வீட்டுக்கே வந்துட்டாங்க. வேர்த்து விறுவிறுத்து வாசல்ல நின்னாங்க. அம்மா முக்காலி போட்டுச்சு, உக்காரலை.

"புள்ள ஏன் வரலை? நான் அங்க எழுதிக் குடுத்திருக்கேன்ல?"

"பெரிய மனுஷி ஆயிட்டாளுங்க டீச்சர்."

"இந்த வயசுலயேவா? சரி, ஆனா என்னங்க? ஆனவங்க எல்லாம் படிக்கலையா?" டீச்சர் அப்பா பக்கம் திரும்புனாங்க. "நீங்க சொல்லுங்கய்யா."

அப்பா ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னாடி கொண்டு போயிட்டாரு. "அவ அம்மா சொல்றதுதானுங்க"ன்னாரு.

நான் கதவுக்குப் பின்னாடி இருந்தேன். "அது சாயமுங்க டீச்சர்." அவ்வளவுதான் சொல்லோணும். அக்கா பேரை இழுக்க வேண்டியதே இல்லை. நடந்து வந்து கதவு நிலையைப் புடிச்சுக்கிட்டு நின்னேன். டீச்சர் என்னைப் பாத்துட்டாங்க.

"வா கண்ணு. நீயே சொல்லு. உனக்குப் படிக்க இஷ்டமா?"

எல்லாரும் என்னைப் பாத்தாங்க. அம்மா, அப்பா, முன் வீட்டு வாசல்ல அத்தை. எனக்கு அழுகை வந்துருச்சு. அத்தனை பேருக்கு முன்னாடி அழக் கூடாதுன்னு, அழுகையை உதறித் தள்ளற மாதிரி தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினேன்.

டீச்சர் அதை "இல்லை"ன்னு எடுத்துக்கிட்டாங்க.

"சரி கண்ணு"ன்னு சொன்னாங்க. குடையை விரிச்சுக்கிட்டு வாசல் தாண்டிப் போயிட்டாங்க. அவங்க போன பின்னாடியும் என் தலை ஆடிட்டே இருந்துச்சு.

அம்மாவைக் கெட்டவள்னு நினைச்சராதீங்க. எனக்கும் பொண்ணு பொறந்து வளந்தப்பத்தான், ஊர்ப் பேச்சுன்னா அம்மா ஏன் அப்படிப் பயந்துச்சுன்னு தெரிஞ்சுது. ஆனா சொன்ன பொய்யைக் காப்பாத்தறதுக்கு அது பட்ட பாடு இருக்குதே. வீட்டு விலக்குன்னா மூணு நாள் தள்ளி உக்காரோணுமில்ல? எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே. அத்தை பாத்துட்டே இருக்கும். அதனால அம்மாவே நாள் எண்ணி வெச்சிருந்து, மாசத்துக்கு ஒரு காலையில, "இன்னிக்கு நீ தள்ளி உக்காரு"ன்னு சொல்லும். நான் தட்டை எடுத்துக்கிட்டு மூலையில உக்காருவேன். மூணு நாளும் யாரும் என்னைத் தொட மாட்டாங்க. அம்மா தலையில நான் பஞ்செடுக்க முடியாது. நாலாம் நாள் தலைக்குத் தண்ணி ஊத்தி உள்ள கூப்பிட்டுக்கும். எங்க ரெண்டு பேருக்கும் பொய்யின்னு தெரியும். ஒரு நாள்கூட அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்லை.

அடுத்த வருசம் என்னையும் கம்பெனிக்குக் கூட்டிட்டுப் போயிருச்சு. டெய்லருக்குப் பக்கத்துல உக்காந்து, தைச்சு விழறதை எடுத்து மடிச்சு அடுக்கற கைமடி வேலை. என் டெய்லர் நெருப்பெரிச்சல்ங்கற ஊர்ல இருந்து வர்ற ஒரு அக்கா. நல்ல மாதிரி. மெஷின் ஓடறப்ப பேசாது, நின்னாத்தான் பேசும்.

எனக்குப் பதிமூணு நடந்தப்ப, ஒரு வெள்ளிக்கிழமை, காலையில இருந்தே அடிவயித்துல ஒரு மாதிரி இருந்துச்சு. டீ நேரத்துக்குப் பின்பக்கம் போனேன். போன பின்னாடிதான் தெரிஞ்சுது. முதல்ல அது சாயமோன்னுதான் பாத்தேன். அப்பா மாதிரி விரலால தேய்ச்சுப் பாத்தேன். சாயம் இல்லை.

தகரக் கதவைச் சாத்திட்டு அங்கயே நின்னேன். வெளிய மெஷின் சத்தம். அம்மா நாலு பெஞ்சு தள்ளி செக்கிங்குல இருந்துச்சு, ஓடிப் போயிச் சொல்லலாம். ஆனா எனக்குத்தான் எல்லாம் நடந்து முடிஞ்சு போச்சே. மாமன் ஓலை கட்டியாச்சு, ஜடை பின்னியாச்சு, போட்டோ எடுத்தாச்சு. அம்மா எண்ணி வெச்ச நாளு வர்றதுக்கு இன்னும் பன்னெண்டு நாள் இருந்துச்சு. இதை எங்க கொண்டு போயி வெக்கறது? கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் வேஸ்ட் சாக்குல இருந்து வெள்ளைத் துணி கொஞ்சம் எடுத்துக்கிட்டேன். என்ன செய்யோணும்னு அத்தை ரெண்டு வருசத்துக்கு முன்னாடியே சொல்லிக் குடுத்திருந்துச்சு. முகம் கழுவிட்டு வந்து என் எடத்துல உக்காந்தேன்.

டெய்லர் அக்கா மெஷினை நிறுத்திட்டு என்னைப் பாத்துச்சு.

"என்ன கண்ணு, மொகமெல்லாம் வெளுத்துக் கெடக்குது? வயிறு வலிக்குதா?"

"கொஞ்சமுங்க்கா."

"ஆமா, நீ வயசுக்கு வந்துட்டியா இல்லியா? நான் கேட்டதே இல்ல பாரு."

மடியில கிடந்த பனியனோட கை ரெண்டையும் உள்பக்கமா மடிச்சேன்.

"ரெண்டு வருசமாச்சுங்க்கா"ன்னேன்.

அது தலையை ஆட்டிக்கிட்டு, மெஷினை மிதிச்சுச்சு.